64 வயலின் எதுக்கு சாமி?

சோகமான காட்சி. அம்மா பஸ் ஏறிப் போகிறாள், பையன் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறான். வசனம் கிடையாது. மொத்தப் பாரத்தையும் பின்னணி இசைதான் தூக்க வேண்டும். வயலின்கள் கிளம்புகின்றன... ஆடிட்டோரியத்தின் கடைசி வரிசையில் யாரோ 'களுக்'கென்று சிரிக்கிறார்கள். அவ்வளவுதான், படம் காலி. கல்லூரிக் குறும்பட விழாக்களுக்குப் போய்ப் பழக்கம் இருப்பவர்களுக்கு இந்த விபத்து புதிதல்ல.

இசையமைத்த தம்பியைக் கேட்டுப் பாருங்கள். பதில் ரெடியாக இருக்கும். "என்ன பாஸ் பண்றது, நம்மகிட்ட நல்ல லைப்ரரி இல்லையே!"

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் முதலில் குப்பையில் போட வேண்டும்.

லைப்ரரி என்றால் புத்தகம் இருக்கும் இடம் அல்ல (தெரியாதவர்களுக்காக). நிஜக் கலைஞர்களை ஸ்டுடியோவில் உட்கார வைத்து ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, பலமாக, நீளமாக, குட்டையாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் கீபோர்டு கட்டையோடு இணைத்துத் தருவார்கள். அதுதான் சாம்பிள் லைப்ரரி. ஐடியா புதுசும் இல்லை. 1963-லேயே இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மெல்லோட்ரான் என்று ஒரு பெட்டி செய்தார்கள். கட்டைக்கு ஒரு டேப் துண்டு. அழுத்தினால் அந்த டேப் ஓடும், சுமார் 8 நொடியில் தீர்ந்துவிடும். மெதுவா, பலமா என்ற பேச்சே இல்லை. அந்த ஓட்டைப் பெட்டியை வைத்துத்தான் மூடி புளூஸ் குழு 1967-ல் 'நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்' பாட்டுக்கு ஸ்ட்ரிங்ஸ் வாசித்தது. உலகமே கேட்டு உருகியது. கடைசி வரிசையில் யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

இன்றைக்கோ லண்டனின் மைடா வேல் ஸ்டுடியோவில் பதிவான பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் ஒரு சின்னப் பதிப்பு, 'டிஸ்கவர்' என்ற பெயரில் சும்மாவே கிடைக்கிறது. இதற்கு மேலும் "லைப்ரரி இல்லை" என்றால் என்னத்தைச் சொல்ல. ஆனால் நம்ம தம்பி அதைத் தொடமாட்டார். டோரன்டில் யாரோ கிராக் செய்து போட்ட 60 ஜிபி சமாச்சாரத்தை ராத்திரி பூரா இறக்குவார். மறுநாள் அதில் வாசிப்பார். அதுவும் ஹார்மோனியம் மாதிரியே கேட்கும். உடனே அடுத்த 60 ஜிபி. காமர்ஸ் வகுப்பு பாஷையில் சொன்னால், மெஷின் மேல் மெஷினாக வாங்கிப் போட்டு, ஓட்ட ஆள் வைக்காமல், வருஷா வருஷம் தேய்மானம் மட்டும் எழுதுகிற கம்பெனி.

கோளாறு எங்கே? கையில். பியானோ வாசிக்கிற கையை அப்படியே வயலின் மேல் வைப்பதுதான் கோளாறு.

தம்பி 'வயலின்ஸ்' என்ற ஒலியைத் திறக்கிறார். அதில் 16 பேர் சேர்ந்து வாசித்த பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு விரலால் ஒரு கார்டை அமுக்குகிறார். ஒவ்வொரு விரலுக்கும் 16 பேர். ஆக மொத்தம் 64 வயலின்! பெரிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவிலேயே முதல் வயலின், இரண்டாம் வயலின் இரண்டும் சேர்ந்து சுமார் 30 பேர்தான். இந்த 64 பேரும் ஒரே விநாடியில் ஆரம்பித்து, ஒரே விநாடியில் நிறுத்தி, அடுத்த கார்டுக்கு ஒன்றாகத் தாவுகிறார்கள். பள்ளிக்கூட டிரில் மாதிரி. நிஜத்தில் கூடவே வயோலா, செல்லோ, டபுள் பாஸ் எல்லாம் உண்டு, அவரவருக்குத் தனிப்பாதையும் உண்டு. சி மேஜரிலிருந்து எஃப் மேஜருக்குப் போகிறோம் என்றால் 'சி' வாசிக்கிறவர் அசையவே வேண்டாம். 'ஈ' வாசிக்கிறவர் அரைப்படி ஏறி 'எஃப்', 'ஜி' வாசிக்கிறவர் ஒருபடி ஏறி 'ஏ'. முடிந்தது. ஒவ்வொரு பாதையையும் தனித்தனி டிராக்கில் ஒவ்வொரு விரலால் வாசித்துப் பதிவு செய்தாலே பாதி ஹார்மோனியம் செத்துப்போகும். இதற்கு எந்தக் கடையிலும் விலை கிடையாது. சோம்பல்தான் ஒரே தடை.

அடுத்தது வில். கட்டையை அமுக்கியதும் பியானோவின் வேலை முடிந்தது; அதற்கப்புறம் சத்தம் தானாகத் தேயும். வயலினில் அமுக்கிய பிறகுதான் வேலையே ஆரம்பம். வில் அழுந்துகிறது, விலகுகிறது, வேகம் மாறுகிறது. கீபோர்டில் இதற்காகவே இடது கைப்பக்கம் மாடுலேஷன் வீல் என்று ஒரு சக்கரம் இருக்கிறது. பெரும்பாலான லைப்ரரிகளில் நீண்ட சுரங்களின் வலிமையைத் தீர்மானிப்பது விரலின் வேகம் இல்லை, இந்தச் சக்கரம்தான். 0 முதல் 127 வரை நகர்த்தினால், மெதுவாக வாசித்த பதிவிலிருந்து பலமாக வாசித்த பதிவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். இது வால்யூம் கூட்டுவது அல்ல. கிசுகிசுப்பை எவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் போட்டாலும் அது கத்தல் ஆகாது இல்லையா, அதே கணக்கு. நம்மாட்கள் ஃபைலைத் திறந்து பார்த்தால் அந்தச் சக்கரத்தின் கோடு தண்டவாளம் மாதிரி நேராகப் போகிறது. பாட்டு முழுக்க ஒரே அழுத்தம். அப்புறம் உயிர் இல்லை, உயிர் இல்லை என்று புலம்பல்.

தாளத்திலும் இதே கதைதான். குவான்டைஸ் பட்டனைத் தட்டி எல்லாச் சுரத்தையும் கோட்டில் ஒட்டிவிடுகிறார்கள். லெகாட்டோ பதிவுகளில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் கோட்டில் சரியாக வைத்த சுரம் காதுக்குத் தாமதமாக விழுகிறது. ஒவ்வொன்றையும் கொஞ்சம் முன்னால் இழுத்து, காதால் கேட்டு வைக்க வேண்டும். ஒரே ஸ்டக்காடோவை எட்டு முறை அடித்தால் மெஷின் கன் சுடுவது போலக் கேட்கிற வியாதிக்கு லைப்ரரிக்காரர்களே மருந்து வைத்திருக்கிறார்கள்: ஒரே சுரத்துக்கு மாற்றி மாற்றி வெவ்வேறு பதிவுகள். அந்த வசதி இருப்பதையாவது முதலில் பார்க்கலாம். ரிவெர்பை அள்ளிக் கொட்டி எல்லாவற்றையும் மூடி மறைப்பது பற்றிப் பேசவே வேண்டாம். ஊசிப்போன குழம்புக்குக் கொத்தமல்லி.

"அப்ப காசு கொடுத்து வாங்குறவன் எல்லாம் முட்டாளா?" என்று சண்டைக்கு வருவார்கள். இல்லைங்க. விலை கூடின லைப்ரரியில் அடுக்குகள் அதிகம், லெகாட்டோ சுத்தம், மைக் நிலைகள் நிறைய. வேலை தெரிந்தவர் கையில் அது தங்கம். வேலை தெரியாதவர் கையில் இலவசமும் ஒன்றுதான், லட்சமும் ஒன்றுதான்.

ஒரு இடத்தில் மட்டும் தம்பியை மன்னிக்கலாம். கூட்டமாக வாசிக்கிற ஸ்ட்ரிங்ஸை இவ்வளவு பாடுபட்டால் நம்பும்படி செய்துவிடலாம். தனி வயலின், அதுவும் நம்ம ஊர் கமகத்தோடு? ரொம்பக் கஷ்டம். கூட்டத்தில் ஆளுக்கொரு நேரம் வில்லைத் திருப்பிச் சமாளிப்பார்கள், ஒருவரின் பிசிறை இன்னொருவர் மறைப்பார். தனியாக நிற்கிறவருக்கு மறைவிடமே இல்லை. கீபோர்டு கட்டைகளுக்கு நடுவில் உலாவுவதுதான் கமகம். பிட்ச் வீலைத் திருகினால் வருவது கமகம் இல்லை, கொசு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலினை ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு உங்கள் சாம்பிள் தனி வயலினைக் கேளுங்கள். கேட்ட கையோடு அந்த டிராக்கை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

அந்த இடத்தில் ஆளைக் கூப்பிடுங்கள். கீபோர்டும் சீக்வென்சரும் வந்த பிறகு கோடம்பாக்கத்தில் வயலின் கலைஞர்களுக்கு வேலை குறைந்தது பழைய கதை. சென்னையிலும் மதுரையிலும் வகுப்பெடுத்துக்கொண்டு, கச்சேரிக்கும் ரெக்கார்டிங்குக்கும் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இசைக்கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். அடுத்த லைப்ரரிக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து (ஓசியில் கேட்காதீர்கள், "உங்களுக்கு நல்ல எக்ஸ்போஷர் சார்" என்று சொல்லவே சொல்லாதீர்கள்), ஒரே ஒரு வயலினை மெயின் மெட்டுக்கு வாசிக்கச் சொல்லி, சாம்பிள் கூட்டத்தின் மேல் போட்டுப் பாருங்கள். அடியில் இருக்கிற கம்ப்யூட்டர் வயலின்களும் அந்த ஒருவரோடு சேர்ந்து மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அம்மா ஏறிய பஸ் கிளம்பும்போது கடைசி வரிசை அமைதியாக இருக்கும்.