ரைஃபிள் போரைப் பார்க்க கேமரா எதுக்கு?

எங்க உத்திரமேரூர்ப் பக்கம் "போர் போச்சு"ன்னு யாராவது சொன்னா ரெண்டு அர்த்தம்தான். போர்வெல்லுல தண்ணி இல்ல, இல்லாட்டி டிராக்டர் இன்ஜினோட சிலிண்டர் தேஞ்சுடுச்சு. என்சிசில சேர்ந்தா மூணாவது அர்த்தம் ஒண்ணு கிடைக்கும்: ரைஃபிள் பேரலோட உள்பக்கம்.

ஃபயரிங் முடிஞ்சு டார்கெட் பேப்பரைப் பார்த்தா அஞ்சு ஓட்டையும் அஞ்சு திசையில இருக்கும். கேடட் "ரைஃபிள் சரியில்ல"ம்பான். சீனியர் "உனக்குத்தான் கை நடுங்குது"ம்பார். ரெண்டு பேருமே எதையும் அளக்காமதான் பேசறாங்க. ஆனா நஷ்டம் ஜூனியருக்கு மட்டும்தான். தல் சைனிக் கேம்ப் செலக்‌ஷன்ல அந்தப் பேப்பர்தான் பேசும்.

உடனே நம்ம ஆளுங்களுக்கு வர்ற ஐடியா, ஆயிரம் ரூபாய்க்குள்ள ஆன்லைன்ல கிடைக்கிற எண்டோஸ்கோப் கேமரா. வாங்காதீங்க. பாயின்ட் 22 ரைஃபிளோட போர் சுமார் 5.5 மில்லிமீட்டர். சீப்பான கேமராக்கள்ல பலதுக்குத் தலையே 5.5 மில்லிமீட்டர். உள்ளே போகாது, போனா சிக்கும். இன்னும் சின்னதா வாங்கினாலும் அது நேரா முன்னாடிதான் பார்க்கும். ஃபோகஸ் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும், பேரல் சுவரோ ரெண்டு மில்லிமீட்டர்ல இருக்கும். மங்கலா ஒரு படம் வரும், அதுல கரி படிஞ்சதும் துருவும் ஒரே மாதிரி தெரியும். எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு எந்தப் படமும் சொல்லாது.

இதுக்கு நான் நம்புறது டிராக்டர் மெக்கானிக்கைத்தான். போர் கேஜ் இல்லாமலே அவர் சிலிண்டர் தேய்மானம் சொல்லுவார். ஒரு ரிங்கை சிலிண்டருக்குள்ள நேரா வச்சு, அதோட இடைவெளியை ஃபீலர் கேஜால பார்ப்பார். தேயாத அடிப்பகுதியில 0.30, தேஞ்ச மேல்பகுதியில 0.60னு வச்சுக்கோங்க. வித்தியாசம் 0.30. சுற்றளவு விட்டத்தைப் போல 3.14 மடங்கு இல்லையா, அதால விட்டத்துல தேய்மானம் கிட்டத்தட்ட 0.10 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை ஒரு ரிங் மூணு மடங்கு பெருசாக்கிக் காட்டுது. மெட்ராலஜி லேப்ல பீரோவுக்குள்ள பூட்டி வச்சிருக்கிற கருவியை விட எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.

ரைஃபிளுக்கும் இதே புத்திதான் வேணும். சேம்பரோட அச்சு ஒவ்வொரு ரவுண்டுலயும் இலவசமா வெளியே வருது: சுட்ட காலி கேஸ். வெடிக்கும்போது பித்தளை விரிஞ்சு சேம்பர் சுவர்ல அப்பிக்கும். அங்கே கீறலோ வீக்கமோ இருந்தா கேஸ்ல பதியும். காலி கேஸை எண்ணித் திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. பாயின்ட் 22-ல ஃபயரிங் பின் கேஸோட விளிம்புல அடிக்கும். ரவுண்டு இல்லாம சும்மா டிரிகர் அழுத்திக்கிட்டே இருந்தா பின் சேம்பர் விளிம்பையே நசுக்கலாம். அப்புறம் கேஸ் வெளியே வர முரண்டு பண்ணும்.

போருக்கு புல்-த்ரூவும் சிந்தியும் போதும். துணி ஒரே இறுக்கத்துல வரணும். நடுவுல திடீர்னு லூசானா அந்த இடத்தைக் குறிச்சு வைங்க. பாயின்ட் 22 மெதுவான ஈயக் குண்டு, சுட்டே பேரல் தேயறது அபூர்வம். துருவும், முனையில கயிறும் ராடும் உரசறதும்தான் அதுக்கு எமன். பழைய 303 வேற ஜாதி. அதுல சேம்பருக்கு அடுத்த இடம்தான் சூட்டுல முதல்ல வெடிப்பு விடும்.

துல்லியமா வேணும்னா ஆர்மரர் மெத்து ஈயத்தை போர் வழியா தள்ளி எடுத்து மைக்ரோமீட்டர்ல அளப்பார். (303-ல அஞ்சு வரிப்பள்ளம். ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் வரும், அதால நேரடியா அளக்கவே முடியாது. வைவாவுக்கு நல்ல கேள்வி.) இது நம்ம வேலை இல்ல. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி ரிப்பேருக்கே லைசென்ஸ் வேணும். நம்ம வேலை பார்க்கிறது, எழுதுறது, அதுவும் இன்ஸ்ட்ரக்டர் சேம்பர் காலின்னு காட்டின பிறகு.

எழுதுறதுன்னு சொன்னேனே, அதைத்தான் யாரும் செய்யறதில்ல. ஒவ்வொரு ரைஃபிளுக்கும் பட் நம்பர் இருக்கு. ஆனா டார்கெட் பேப்பர்ல கேடட் பேர் மட்டும்தான் இருக்கு. அந்த நம்பரையும் மூலையில எழுதி ஒரு வருஷம் சேர்த்து வச்சா, நல்லா சுடற நாலு பேர் கையிலயும் எந்த ரைஃபிள் சிதறுதுன்னு தானா தெரிஞ்சிடும். அதை மட்டும் ஆர்மரர்கிட்ட அனுப்பலாம். கை நடுங்குதுன்னு திட்டு வாங்கின பொண்ணோட பேப்பர்ல எந்த நம்பர் இருந்துச்சுன்னும் பார்க்கலாம். அடுத்த ஃபயரிங் நாளைக்கு ஒரு பென்சில் கொண்டு போங்க.