சுண்ணாம்புக்குச் சாதி கிடையாது

பழைய கட்டடங்களுக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புச் சாந்தில் வீடு கட்டித் தருகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. சிமெண்ட் இல்லாத வீடு வசதி படைத்தவர்களின் பெருமையாகிவிட்டது. அந்தக் கட்டுமான நுட்பத்தைப் போற்ற வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. போற்றும்போது யாரை மறக்கிறோம், ‘மரபு’ என்ற பெயரில் எதை உள்ளே விடுகிறோம் என்பதே நம் கேள்வி.

முதலில் நுட்பத்தைப் பார்ப்போம். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறலும் வெல்லத் தண்ணீரும் விட்டுப் பதப்படுத்துவார்கள். சுவரில் ஏறிய சாந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. இந்தச் சாந்து ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியே விட்டுவிடும். பழைய சுவரின்மீது சிமெண்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே சிக்கிச் செங்கல் உதிரத் தொடங்கும். 2012இல் தீயில் சிதைந்த சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்ததும் சுண்ணாம்பைக் கொண்டுதான்.

இது வேதியியல். இதைத் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துத் தேர்ந்தவர்கள் எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்க விடப்படாத மக்கள். சாஸ்திரம் படித்தவனை அறிஞன் என்றும், சாந்தின் பதம் அறிந்தவனைக் கூலி என்றும் அழைத்த சமூகம் இது.

அதிலும் பெண்களின் நிலை இன்னும் கீழே. சென்னையின் பழைய கட்டடங்களில் ‘மெட்ராஸ் டெரஸ்’ தளம் இருக்கும். தேக்குச் சட்டங்களின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். அது இறுகும்வரை நாள்கணக்கில் மரக்கட்டையால் அடிக்க வேண்டும். வரிசையாக உட்கார்ந்து அடித்தவர்கள் பெண்கள். மழை ஒழுகாமல் தளம் நின்றது அவர்கள் கை வலியால். ஆனால் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தாலும் அவர்களின் பெயர் சித்தாள்தான். 1976இலேயே சமஊதியச் சட்டம் வந்துவிட்டது. கட்டட வேலையில் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்ற வழக்கம் இன்றும் போகவில்லை.

கல்வெட்டுகளும் இதையே சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. கல்லை இழுத்து மேலே ஏற்றியவர்களின் பெயர்களைத் தேடிப் பயனில்லை. அதே கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் மட்டும் இருக்கின்றன. கட்டடத்தைப் பார்த்து வியப்பவர்கள் இந்த வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டும்போது தீட்டாகாத உழைப்பு, கட்டி முடித்தபின் தீட்டானது.

இப்போது புதிய ஆபத்து ஒன்று வருகிறது. “மரபு நுட்பம் அழிகிறது, அந்தந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் தொழிலை விட்டுப் போகிறார்கள்” என்று வருத்தப்படுகிறார்கள். சுண்ணாம்புக் காளவாயில் வெந்தவரின் மகள் படித்துச் செவிலியரானால் அதில் வருந்த என்ன இருக்கிறது? நீறும் சுண்ணாம்பு தெறித்துக் கண் போனவர்களையும், தூசியில் நுரையீரல் கெட்டவர்களையும் கேட்டுப் பாருங்கள். தன் பிள்ளைக்கு இந்த வேலை வேண்டாம் என்று அவர்கள் சொல்வது மரபின்மீது கொண்ட வெறுப்பால் அல்ல. அந்த வேலைக்கு மரியாதையும் கூலியும் பாதுகாப்பும் கிடைக்கவில்லை என்பதால்.

பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்று 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம், கொத்தனார் வேலை உள்ளிட்ட 18 தொழில்களைக் குடும்பத்தோடு சேர்த்துக் கட்டியது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கக் கேட்டும் நீக்காததால், அந்த வடிவில் அதைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சரியான முடிவு. ஆனால் மறுப்பதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. நுட்பமும் பிழைக்க வேண்டும், சாதியும் ஒழிய வேண்டும் என்றால் அதற்கு வழி சொல்ல வேண்டும்.

வழி இருக்கிறது. சுண்ணாம்புக் கட்டுமானத்தை அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் பாடமாக்குங்கள். எந்தச் சாதியில் பிறந்தவரும், பெண்களும், அதில் சேரட்டும். அனுபவமுள்ள கொத்தனார்களையும் சித்தாள்களையும் ஊதியம் கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்துங்கள். தொன்மைக் கட்டடச் சீரமைப்பைத் திறன் வேலையாக அறிவித்து, அதற்கேற்ற கூலியையும், கண்ணாடி, கையுறை, முகக்கவசம் ஆகியவற்றையும் ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்குங்கள். 1994இல் உருவான கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர்கள் பதிவு பெறுவதை உறுதிசெய்யுங்கள். அமைச்சர், ஒப்பந்ததாரர் பெயர்களைப் பொறிக்கும் கல்வெட்டில் வேலை செய்தவர்களின் பெயர்களையும் பொறியுங்கள்.

அறிவு இரத்தத்தில் ஓடுவதில்லை, கற்றால் யாருக்கும் வரும். அய்.அய்.டி.யில் படித்தவர் மண்வெட்டி பிடித்துச் சாந்து குழைக்கவும், சாந்து குழைத்தவரின் பேத்தி அந்தக் கட்டடத்தின் வரைபடம் போடவும் முடிகிற நாளில், பழைய கட்டடங்களை நாமும் மனம் நிறைந்து போற்றுவோம்.