வெள்ளோட்டம் முடியட்டும்

உப்பிலியபுரத்துக்கு ரயில் கிடையாது. ஆயினும் நமது திருச்சி ஜில்லாவுக்கும் நீலகிரி மலை ரயிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதற்கு நீராவி எஞ்சின்கள் புதிதாகச் செய்து கொடுத்தது பொன்மலைப் பட்டறையல்லவா?

1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய இந்த ரயில், 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இந்தப் பெருமையெல்லாம் தெரிவதில்லை. மலை சரிந்து, கல்லாறு-குன்னூர்ப் பாதையை மூடிவிடுகிறது. தொழிலாளர்கள் பாறைகளை அகற்றி, தண்டவாளங்களையும் அவற்றின் நடுவேயுள்ள பல்தண்டவாளத்தையும் செப்பனிடுகிறார்கள். பிறகு பிரயாணிகள் இன்றி வெள்ளோட்டம் நடக்கிறது.

"ரயில் எப்போது?" என்று நாம் அவசரப்படுகிறோம். சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் பாதையில் எஞ்சினின் பல்சக்கரம் பிடி தவறினால் என்னவாகும்? குழந்தைகளுடன் ஏறப்போகிறவர்கள் நாம்தான். சற்றுப் பொறுத்திருப்போம்.