தமயந்தியின் முகம் யார் வரைந்தது?

அசோக் பில்லரைச் சுற்றியுள்ள அவென்யூக்களில் கோடை லீவில் ஒரு நடை நடந்து பாருங்கள். அபாகஸ், கீபோர்டு, ஸ்போக்கன் இந்தி வரிசையில் ஆயில் பெயின்டிங்கும் போர்டில் இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால், ரவிவர்மாவின் 'ஹம்ச தமயந்தி' (1899) எப்படியும் ஒரு ஈசலில் நின்றுகொண்டிருப்பாள். தோட்டத்தில் அன்னத்தோடு பேசிக்கொண்டிருக்கும் அவளை இதுவரை எத்தனை பேர் வரைந்தார்கள் என்பது நளனுக்கே வெளிச்சம்.

ஃபைன் ஆர்ட்ஸ் படித்த சிலர் இதைப் பார்த்ததும் "சே, காப்பி" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். முதலில் அவர்களுக்குப் பதில். ரூபென்ஸ் 1628-ல் மாட்ரிட் போனபோது வயது 51, ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கிய ஆள். அங்கே உட்கார்ந்து டிஷியனின் ஆதாம் ஏவாள் படத்தை (அதுவும் தோட்டத்து உருவங்கள்தான்) காப்பி எடுத்தார். ஆதாமின் உடம்பைக் கொஞ்சம் திருப்பினார், மரத்தில் ஒரு கிளியை உட்கார வைத்தார். இரண்டு படமும் இன்று பிராடோ மியூசியத்தில் இருக்கின்றன. பாரிஸ் லூவரில் இப்போதும் அனுமதி வாங்கிக்கொண்டு காப்பி எடுக்கலாம். கேன்வாஸ் மட்டும் அசலின் அளவில் இருக்கக் கூடாது.

ஆக, காப்பி கேவலமில்லை. நம் கிளாஸ்களில் நடப்பது காப்பியே இல்லை, அதுதான் பிரச்சனை.

மொபைலில் இருந்து எடுத்த ஒரு பிரிண்ட், கட்டம் போட்டு அவுட்லைன், பத்து கிளாஸில் படம் ரெடி! ஆயில் பெயின்ட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை சார். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. ஒரு பூச்சு கையில் ஒட்டாமல் இருக்கவே நாள் கணக்காகும். அடிப்பூச்சில் டர்பன்டைன் விட்டு எண்ணெயைக் குறைக்க வேண்டும், மேலே போகப் போகக் கூட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் பின்னால் வெடிப்பு விடும். முதலில் பழுப்பில் நிழலும் வெளிச்சமும், அது காய்ந்த பிறகு தோல் நிறம். இந்தப் பொறுமைக்கு லீவில் நேரமில்லை என்று 'ஸ்கின் கலர்' ஒன்றைக் கலக்கி டப்பாவில் வைத்துவிடுகிறார்கள். தோட்டத்தில் நிற்கிற பெண்ணின் தாடைக்கு அடியில் இலைப் பச்சை தெறிக்குமே, அது அந்த டப்பாவில் எங்கே இருக்கிறது?

கடைசி வாரம் முகம் கோணிக்கொள்ளும். "குடும்மா" என்று சார் பிரஷ்ஷை வாங்கி, அரை மணியில் கண், மூக்கு, உதடு எல்லாம் முடித்துவிடுவார். கீழே பிள்ளை தன் பெயரை எழுதும். ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியாச்சு. வருகிற மாமிகள் "நீயா வரைஞ்சே?" என்று கேட்கும்போது, "ஆமா" என்று சொல்கிற அந்தப் பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பாருங்கள். அடுத்த படத்தில் முகம் வரும் இடத்தில் அது சாருக்காகக் காத்திருக்கும்.

சாரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவருக்கு வாடகை இருக்கிறது, கோணல் முகத்தை வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த பேட்ச் வராது. "ஃபீஸ் கட்டியிருக்கோம், ஏதாவது வீட்டுக்கு வர வேண்டாமா" என்று கேட்பது அப்பா அம்மாதானே?

ரவிவர்மாவுக்கு யார் முகம் முடித்துக் கொடுத்தார்கள்? 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற வெளிநாட்டு ஓவியர் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்தார். கற்றுத்தர மாட்டேன், வேண்டுமானால் வரைவதைப் பார்த்துக்கொள் என்றார். அந்த இருபது வயதுப் பையன் பார்த்தான். மிச்சத்தைத் தன் கையால் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டான்.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் உண்டு. அசோக் நகரில் மெட்ரோ ஏறினால் ஒரே ரயிலில் எழும்பூர். பத்து கிளாஸில் ஒன்றை அங்கே வைத்தால் என்ன? தோல் நிறத்துக்கு அடியிலிருந்து வேறு என்ன நிறம் எட்டிப் பார்க்கிறது என்று பிள்ளைகள் நின்று பார்க்கட்டும். சார் கை படாத ஒரு முகமாவது இந்த லீவில் வீட்டுக்கு வரட்டும். அன்னம் வாத்து மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.