மனவுறுதிக்கு மார்க் போடுவது மருத்துவம் அல்ல

உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு யார் தகுதியானவர் என்று போன மாதம் இந்த இதழில் எழுதியவர், ஒரே ஓர் அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார். ஆறு மாதம் வாயைக் கட்டிப் பத்து கிலோ குறைத்துக் காட்டுபவருக்குத்தான் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். முடியாதவருக்கு மனவுறுதி போதாதாம். வயிற்றை வெட்டினாலும் பழையபடி ஊதிவிடுவாராம். நோயாளியைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் இந்த எழுத்தை மருத்துவ ஆலோசனை என்று ஏற்க முடியாது.

சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்கினால் உடம்பு சும்மா இருப்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது. வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லும் ஹார்மோன்கள் இறங்குகின்றன. ஓராண்டு கழிந்தும் இந்த மாற்றம் நீடிப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். எடைக்குறைப்பு ஆபரேஷன்களில் ஒன்றான ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை எடுக்கும்போது, கிரெலின் சுரக்கும் பகுதியும் பெருமளவு போய்விடுகிறது. கட்டுரையாளர் மனவுறுதிக் குறைவு என்று பழிப்பதைச் சரிசெய்யத்தான் இந்தச் சிகிச்சையே இருக்கிறது. அதையே காரணம் காட்டி வாசலில் தடுத்தால் சிகிச்சை யாருக்கு? இன்சுலின் கேட்டு வருபவரிடம், முதலில் சர்க்கரையைக் குறைத்துக் காட்டு என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு கொடுப்பார்கள், உண்மைதான். ஈரல் சுருங்கினால் கருவிகள் உள்ளே போக இடம் கிடைக்கும் என்பதற்காக அது. பரீட்சை அல்ல. காப்பீட்டு நிறுவனங்கள் எடைக்குறைப்பை முன்நிபந்தனையாக்குவதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்க பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு) அறுவை மருத்துவர் சங்கம் 2016இலேயே சொல்லிவிட்டது.

எடை திரும்ப ஏறும் என்கிறார். ஓரளவு ஏறும். ஆனால் 2007இல் வெளியான சுவீடன் ஆய்வைப் பாருங்கள்: இன்னொரு வகையான இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பத்தாண்டு கழித்தும் சராசரியாக 25 சதவீத எடையை இழந்திருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களின் எடை 2 சதவீதம்கூட அசையவில்லை. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரணங்களும் குறைவு.

தகுதியைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கறாராகப் பார்க்க வேண்டும். குடிப்பழக்கம் உண்டா? பைபாஸுக்குப் பின் போதை சீக்கிரம் ஏறும். அடிமையாகும் ஆபத்தும் கூடும். கடுமையான நெஞ்செரிச்சல் இருக்கிறதா? ஸ்லீவ் அதை மோசமாக்கலாம், பைபாஸ்தான் பொருத்தம். அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் குழந்தை பெறும் திட்டம் இருந்தால் தள்ளிப்போட வேண்டும். புகையை விட வேண்டும். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை ஆயுள் முழுக்க விழுங்கவும், தவறாமல் ரத்தப் பரிசோதனைக்கு வரவும் முடியுமா? இவற்றில் ஒன்றையாவது கட்டுரையாளர் கேட்டாரா? இல்லை.

அவர் தொடாமல் விட்ட உண்மையான அநியாயம் வேறு. நம்மவர்களுக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே (உயரத்துக்கு ஏற்ற எடையின் குறியீடு) சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே அறுவை சிகிச்சையை முன்வைக்கலாம் என்கிறது 2022ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். நம் நாட்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த நிபந்தனையோ 40 கேட்கிறது. கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடும் நோய் இருந்தால் 35. சர்க்கரை கட்டுக்கு அடங்காத, 155 செ.மீ. உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த விதிப்படி பணம் கிடைக்க அவர் 84 கிலோவைத் தாண்ட வேண்டும். கட்டுரையாளரோ அவரை 70 கிலோவுக்கு இறங்கிவிட்டு வரச் சொல்கிறார்.