சர்வர் டவுன் ஆகவில்லை, ஐயா

மருத்துவமனைக் கணினிப் பிரிவின் பொறுப்பு அதிகாரி அவர்களுக்கு,

மூன்று முறை கடிதம் கொடுத்தேன். இரண்டு முறை உங்கள் அறை வாசலில் மாலை வரை காத்திருந்தேன். பதில் வராததால் ஊரறிய எழுதுகிறேன். நெட்வொர்க்கை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு திங்கட்கிழமையை மட்டும் சொல்கிறேன்.

அன்று காலை 8 மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. புதுக் கட்டடத்துக்கு இன்னும் கேபிள் இழுக்கவில்லை, ஓ.பி. சீட்டு போடும் கவுண்டர்கள் வை-ஃபையில்தான் ஓடுகின்றன. ஒரு சீட்டுக்கு 4 நிமிடம் ஆனது. “சர்வர் டவுன், கொஞ்சம் பொறுங்கம்மா” என்று சொல்லிச் சொல்லியே கவுண்டர் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வந்த ஒரு பாட்டி, பத்தரை மணிக்கு வரிசையிலேயே மயங்கி விழுந்தார்.

சர்வர் அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். சர்வரில் ஒரு குறையும் இல்லை. நெட்வொர்க்கில் என்ன ஓடுகிறது என்று காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தால், திரை முழுக்க ஒரே ஏ.ஆர்.பி. கேள்வி: இந்த முகவரி யாருடையது, அடுத்த முகவரி யாருடையது? கேட்டவை, புதுப் பிரிண்டர் வந்தபோது மென்பொருள் ஏற்றிய 40 கணினிகள். டிரைவர் மட்டும் போட்டிருந்தால் போதும். பிரிண்டரைத் தேடும் புரோகிராமையும் சேர்த்து ஏற்றியிருக்கிறார்கள். கணினியை ஆன் செய்ததும் அது ஒவ்வொரு முகவரியாகத் தட்டத் தொடங்குகிறது. நம்முடையது எங்கும் பிரிக்காத ஒரே நெட்வொர்க், 1,022 முகவரிகள். 40 கணினிகளும் ஒரு சுற்று தேடினால் நாற்பதாயிரம் ஏ.ஆர்.பி. கேள்விகள்! அத்தனையும் பிராட்காஸ்ட், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் போகிறவை. வை-ஃபையில் பிராட்காஸ்ட் மிகக் குறைந்த வேகத்தில்தான் போகும். நம் பழைய கருவிகளில் நொடிக்கு 1 மெகாபிட். அது போய் முடியும்வரை சீட்டு காத்திருக்க வேண்டும், பாட்டியும் காத்திருக்க வேண்டும்.

அன்று மாலையே 40 கணினிகளிலும் அந்தப் புரோகிராமை நீக்கினேன். பிரிண்டர்களுக்கு மாறாத முகவரி கொடுத்து, கணினிகளை நேராக அவற்றோடு இணைத்தேன். ஒரு பைசா செலவில்லை. செவ்வாய்க்கிழமை அரை நிமிடத்துக்கு ஒரு சீட்டு வந்தது. எல்லாப் பிரிண்டர்களும் அச்சடித்தன.

வியாழக்கிழமை பராமரிப்பு நிறுவனத்தார் வந்து அந்தப் புரோகிராமைப் பழையபடியே ஏற்றிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை, அனுமதியின்றி மென்பொருளை நீக்கியது ஏன் என்று எனக்கு மெமோ வந்தது. கையெழுத்து உங்களுடையது. இணைய வேகத்தைக் கூட்டவும் கோப்பு அனுப்பியிருக்கிறீர்கள். இரைச்சல் கட்டடத்துக்குள்ளே இருக்கிறது; வெளியிலிருந்து வரும் லைனை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது அடங்காது. நீங்களும் பொறியியல் படித்தவர்தானே?

மெமோவுக்கு என் விளக்கம் இதுதான்: விழுந்த பாட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். வேலை போனாலும் போகட்டும். அந்த 40 கணினிகளையும் சரிசெய்ய உத்தரவிடுங்கள். முடியாதென்றால் வரும் திங்கட்கிழமை 8 மணிக்கு வந்து, சர்வர் டவுன் என்று அந்த மக்களின் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரிவின் ஒப்பந்தத் தொழில்நுட்பப் பணியாளர்