முடக்குவாதமும் இளந்தாய்மாரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மூட்டுவலி முதுமைக்கே உரிய வியாதி என்று நம்மவர் பெரும்பாலோர் எண்ணியிருக்க, இரண்டு சிறு குழந்தைகளுக்குத் தாயான எனக்கு 32 வயதில் முடக்குவாதம் என்று வைத்தியர் நிர்ணயம் செய்தபோது, உறவினர் அதை நம்பாததில் ஆச்சரியமில்லை. தேய்மானத்தால் வரும் வலி வேறு. உடலின் காப்புச் சக்தியே தன் மூட்டுகளைத் தாக்கும் இவ்வியாதி வேறு. இது ஆண்களைவிடப் பெண்களையே அதிகமாகப் பீடிப்பதோடு, சிலருக்குப் பிரசவத்தை அடுத்த மாதங்களிலேயே தோன்றுவதும் உண்டு.

விரல்கள் மடங்க மறுக்கும் காலை வேளையும், பிள்ளைக்குப் பொத்தான் பூட்டிப் பள்ளிக்கு அனுப்பவேண்டிய வேளையும் ஒன்றாகவே வாய்த்திருப்பதுதான் இதன் விசேஷக் கொடுமை. மூத்தவளின் சீருடையில் பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டை தைத்துவிட்டேன். இளையவனைத் தூக்குவதை விடுத்து, நான் அமர்ந்தபின் அவனே மடியில் ஏறப் பழக்கினேன். (அவனுக்கு அதில் பெருமைதான்.)

இவ்வியாதிக்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் மெதோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உண்ணத்தக்கது என்பதையும், தவறித் தினந்தோறும் உண்டால் உயிருக்கே அபாயம் என்பதையும், கர்ப்பகாலத்தில் அது அறவே கூடாதென்பதால் மறுகுழந்தையை விரும்புவோர் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லவேண்டும் என்பதையும், தங்கள் மாதர் பகுதியில் விரிவாக வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகி, கும்பகோணம்